லீவில் வந்த பட்டாளத்தான்

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அவருடைய அண்ணன் ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ பத்து வருஷம் கழித்து 2002இல் வந்தது. ஒரே ஊர், ஒரே சேரி, ஒரே வீடு. ஒன்று தன்வரலாறு, மற்றொன்று தன்வரலாறு மாதிரி நடக்கிற நாவல். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தவர்கள் நிறையப்பேர். சாதி, சபை, பள்ளிக்கூடம், பெண் என்று எல்லாவற்றையும் பேசியாகிவிட்டது. இரண்டு பிரதியிலும் நடமாடுகிற ஒரு ஆள் மட்டும் நம் விமர்சனங்களின் கண்ணில் சரியாக விழவில்லை. அது அப்பா. அப்பா பட்டாளத்தில் இருக்கிறார்.

மகளின் புத்தகத்தில் அவர் தூரத்தில் இருக்கிறார். வீட்டில் இருப்பது அம்மாவும் பாட்டியும். அப்பாவின் பட்டாளத்துச் சம்பளம் இருந்ததால்தான் பிள்ளைகளின் படிப்பு நடந்தது என்பது நமக்குப் புரிகிறது, அவ்வளவுதான். மகனின் புத்தகத்தில் அப்பா லீவில் வருகிறார். அவர் வருகிறார் என்றாலே சிலுவைக்கு நடுக்கம். அடிக்குப் பஞ்சமில்லை. மகளுக்கு மணியார்டராக வந்தவர் மகனுக்கு அடியாக வருகிறார் என்று இதைச் சொல்லலாம். இரண்டிலுமே இல்லாதது, லீவு முடிந்து அவர் ரயிலேறிப் போனதற்குப் பிறகு நடந்தது. எந்தப் பாரக்கில் படுத்தார், யாரிடம் திட்டு வாங்கினார், முதல்முதலாகத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தபோது என்ன நினைத்தார், அந்தக் கை மகனை அடிக்கிற கையாக எங்கே பழகியது? இதை நான் அந்த இரண்டு புத்தகங்களின் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் பார்த்ததைப் பிள்ளைகள் எழுதினார்கள். 2024இல் மறைந்த ராஜ் கௌதமன், அந்த அடியை மறைக்காமல் எழுதியதே பெரிய காரியம். ஆனால் அப்பாக்கள் எழுதவில்லை.

தமிழில் பட்டாளத்தான் எப்போதும் லீவில்தான் இருக்கிறான். பெரிய மீசை, டிரங்குப்பெட்டி, கேண்டீன் ரம், அளந்துவிடுகிற கதை, நடுநடுவே இந்தி. சினிமாவில் ‘எக்ஸ் மிலிட்டரி’ என்று ஒருத்தர் வந்தால் தியேட்டரே சிரிக்கத் தயாராகிவிடும். மற்ற ஆட்களுக்கு அவன் வேடிக்கை. நமக்கு அவன் பெருமை: சேரியில் முதல் காரைவீடு அவன் கட்டியது, முதல் டிகிரி அவன் மகள் வாங்கியது. வேடிக்கை பார்க்கிறவனும் கேட்கவில்லை, பெருமைப்படுகிறவனும் கேட்கவில்லை, ‘ஏம்ப்பா, அங்க உன்னை என்ன செஞ்சானுவ? நீ என்ன செஞ்சே?’ என்று.

பெருமைக்குக் காரணம் இருக்கிறது. அதை முதலில் பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை எவனோ நகரத்து அமைதிவாதி எழுதிய மாதிரி ஆகிவிடும்.

அம்பேத்கர் 1891இல் பிறந்தது மவ் ராணுவக் குடியிருப்பில். அப்பா ராம்ஜி சுபேதார், ராணுவப் பள்ளியில் வாத்தியார். கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்த மகர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் எழுத்து கிடைத்தது அங்கேதான் என்பதை அம்பேத்கரே அழுத்தமாகச் சொல்லியிருக்கிறார். தெற்கே பறையர்கள் சென்னைப் பட்டாளத்தில், அதிலும் சாப்பர்ஸ், பயனியர் பிரிவுகளில் பெருவாரியாக இருந்தார்கள். மெட்ராஸ் சாப்பர்களுக்கு இன்றைக்கும் ‘தம்பி’ என்றுதான் செல்லப்பேர். பிறகு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், லார்ட் ராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் ‘போர்க்குணம் உள்ள சாதி, இல்லாத சாதி’ என்று ஒரு கணக்குப் போட்டார்கள். தென்னிந்தியன் தேறமாட்டான் என்று தீர்ப்பு. மகர்களுக்கும் 1890களில் கதவடைத்தார்கள். கதவைத் திறக்கச் சொல்லி மனுப்போட்டவர்களில் ராம்ஜியும் உண்டு. மகர் ரெஜிமென்ட் 1941இல்தான் வந்தது. யுத்தம் வந்தால் கூப்பிடுவது, முடிந்தால் கலைப்பது. உரலுக்கு ஒரு பக்கம் இடி என்றால் மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

எங்கள் திருவிதாங்கூரில் கதை இன்னும் மோசம். குளச்சலில் 1741இல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரனைத் தோற்கடித்ததற்குத் தூண் நிற்கிறது. பிடிபட்ட டிலனாய் பிறகு அதே ராஜாவுக்குத் தளபதியாகி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறையில் கிடக்கிறார். கடற்கரையில் ஒரு கதை சொல்வார்கள், எதிரிக்குப் படை பெரிதாகத் தெரியட்டும் என்று மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்களாம். தூரத்திலிருந்து பார்த்தால் பட்டாளம், கிட்டே வந்தால் மீன்பிடிக்கிறவன். இந்த மண்ணில் ஒடுக்கப்பட்டவனுக்குக் கிடைத்த பட்டாள உத்தியோகம் அந்தத் துடுப்புத்தான். ஏனென்றால் பிற்காலத்துத் திருவிதாங்கூர்ப் பட்டாளம் நாயர் பட்டாளம். 1930களில் ஈழவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் பங்கு கேட்டு நிவர்த்தனப் போராட்டம் நடத்திய காலம் வரைக்கும் அது சாதிப் பட்டாளமாகவே இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் படை இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட்டோடு சேர்ந்தது. குளச்சல் பெருமையையும் அது கூடவே எடுத்துக்கொண்டு போனது. சாம்பவனும் புலையனும் இரண்டாம் உலக யுத்தத்தில் இங்கிருந்து போன பாதை வேறு. அசாமுக்கும் பர்மா எல்லைக்கும் ரோடு போட ஆயிரக்கணக்கில் கூலிகளாகப் போனார்கள். குண்டில் செத்தவனைவிட மலேரியாவில் செத்தவன் அதிகம். அவர்களுக்கு எங்கேயும் தூண் கிடையாது.

(இன்னொரு பட்டாளமும் எங்கள் மாவட்டத்தில் உண்டு. இரட்சணிய சேனை. அங்கேயும் கேப்டன், மேஜர், பட்டி வைத்த யூனிஃபார்ம், கொட்டு, கொடி எல்லாம் உண்டு. வடசேரிப் பக்கம் ‘மேஜர் வந்தாரு’ என்றால் எந்த மேஜர் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கி இல்லாத அந்தப் பட்டாளத்தில் நம் ஆட்கள் அவ்வளவு ஆசையாகப் போய்ச் சேர்ந்ததற்கு ஏசுசாமி மட்டும் காரணம் இல்லை, அந்தச் சட்டையும் காரணம் என்று நான் நினைக்கிறேன்.)

சட்டை என்பது இங்கே சாதாரண விஷயம் இல்லை. இடுப்புக்கு மேலே துணி கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, இத்தனை அடி தள்ளி நில், கையை வாயில் பொத்திப் பேசு என்று உடம்பையே சட்டமாக்கி வைத்திருந்த நாடு இது. தோள்சீலைக்காக 1822லிருந்து 1859 வரைக்கும் அடிவாங்கிப் போராடிய நாடு. அந்த உடம்பைக் கொண்டுபோய்க் கழுத்துவரை பொத்தான் போட்டு, காலில் பூட்ஸ் மாட்டி, ‘சாவ்தான்!’ என்று நிமிர்த்தி நிறுத்தினால் என்ன ஆகும்?

நமக்கு முந்திய தலைமுறைச் சிறுபத்திரிகைகள் மிஷல் ஃபூக்கோவைப் பிழிந்து எழுதிவிட்டன. பழைய காலத்தில் படைவீரன் பிறந்தான், 18ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு படைவீரன் செய்யப்பட்டான் என்பது அவர் வாதம். பிசைந்த களிமண்ணிலிருந்து செய்கிற மாதிரி, குடியானவனின் கூனை எடுத்து, தலையை நிமிர்த்தி, ஒவ்வொரு அசைவையும் எண்ணிக்கைக்குள் கொண்டுவந்து, பணிகிற உடம்பு ஒன்றைத் தயாரிக்கிறார்கள் என்கிறார். சரிதான். ஆனால் அவருடைய குடியானவன் ஐரோப்பாவில் இருக்கிறான். இங்கே கூன் என்பது வேலையால் வந்தது மட்டுமல்ல, விதித்தது. ஆகவே நிமிர்த்துகிற அந்தப் பயிற்சி நம் ஆளுக்கு ஒரே நேரத்தில் அடிமைத்தனமாகவும் விடுதலையாகவும் இருக்கிறது. சுபேதாருக்கு முன்னால் விறைத்து நிற்பவன், ஊருக்கு வந்தால் அதே விறைப்போடு ஆண்டைக்கு முன்னாலும் நிற்கிறான். பட்டாளம் இதைத் திட்டம்போட்டுச் செய்யவில்லை. அது தன் தேவைக்கு நிமிர்த்தியது, முதுகு பிறகு மடங்க மறுத்துவிட்டது.

இம்மானுவேல் சேகரன் ராணுவத்தில் இருந்து திரும்பியவர். முதுகுளத்தூர்க் கலவர சமயத்தில் 1957 செப்டம்பர் 10ஆம் தேதி கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் முத்துராமலிங்கத் தேவருக்குச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் பரமக்குடியில் வெட்டிக் கொன்றார்கள். அவரை அரசியலாக வாசித்திருக்கிறோம், பட்டாளத்துக்காரராக வாசிக்கவில்லை. பழைய சம்பவம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 2016இல் காஷ்மீர் பாம்போரில் செத்துப்போன ஒரு துணைராணுவப்படை வீரரின் உடலை எரிக்க, அவருடைய உத்தரப்பிரதேச ஊரில் மேல்சாதிக்காரர்கள் இடம் கொடுக்க மறுத்தார்கள். 2020இல் குஜராத் பனாஸ்கண்டா மாவட்டத்தில் லீவில் வந்து கல்யாணம் செய்த ஒரு தலித் ராணுவ வீரரின் குதிரை ஊர்வலத்தில் கல் விழுந்தது. எல்லையில் நிமிரலாம், தெருவில் நிமிரக்கூடாது என்பது ஊர்க்கட்டளை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த கேள்விக்கு வர முடிகிறது. நிமிர்த்தியவன் எதற்காக நிமிர்த்தினான்? அந்த நிமிர்வுக்கு அந்தப் பையன் என்ன விலை கொடுத்தான், யாருடைய முதுகு அதற்காக முறிந்தது? இந்த இடத்தில் தலித் எழுத்தும் வாயை மூடிக்கொள்கிறது.

பக்கத்து மொழியைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்களும் அந்தப் பக்கம்தான் இருந்தோம். மலையாளத்தில் ‘பட்டாளக் கதைகள்’ என்று ஒரு வகையே உண்டு. எழுதினவர்கள் எல்லாம் உள்ளே கிடந்தவர்கள். பாறப்புறத்து இருபது வருஷத்துக்கு மேல் ராணுவத்தில் இருந்தவர், ‘நிணமணிஞ்ஞ கால்பாடுகள்’ 1955இல் வந்தது. கோவிலன் கடற்படையிலும் பிறகு சிக்னல்ஸிலும் இருந்தவர், ‘ஏ மைனஸ் பி’ 1958. பி.சி.கோபாலன் என்பவர் சின்ன வயசில் பட்டினி தாங்காமல் பட்டாளத்துக்குப் போனவர். அவர் எழுத எடுத்துக்கொண்ட பேர் நந்தனார். நம் திருநாளைப்போவாரின் பேர். அவருடைய ‘ஆத்மாவின்றெ நோவுகள்’ முழுக்கப் பாரக்குக்குள் நடக்கிறது. யுத்தமே பெரிதாக இல்லை. இருப்பது காத்திருப்பு, சில்லறைத் தண்டனை, மெஸ் வரிசை, ஊரிலிருந்து வராத கடிதம், ஒருத்தன் மெல்ல மெல்ல உள்ளுக்குள் இற்றுப்போவது. நந்தனார் 1974இல் தற்கொலை செய்துகொண்டார்.

அவர்களுக்கு வாய்த்தது நமக்கு ஏன் வாய்க்கவில்லை? தமிழன் வீரம் பேசுவான், அனுபவம் பேசமாட்டான் என்று ஒரு பதில் சொல்லலாம், அது பாதிதான் உண்மை. எனக்குத் தோன்றுவது இது. மலையாளத்தில் எழுதியவர்களில் பலர் பள்ளிக்கூடம் பார்த்துவிட்டுப் பட்டாளத்துக்குப் போனவர்கள். கிளார்க்கு வேலை, சிக்னல்ஸ் வேலை, கையில் பேனா. நம் ஆள் சாப்பர், பயனியர், கையில் மண்வெட்டி. பாலம் கட்டினான், பள்ளம் தோண்டினான். அவன் பட்டாளத்துக்குப் போனதே மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத்தான். அந்த மகள் பேனா எடுத்து எழுதியது ‘கருக்கு’. ஆக ஒரு தலைமுறை தள்ளிப் போய்விட்டது, அதற்குள் அப்பாவின் கதை அப்பாவோடு மண்ணுக்குள் போய்விட்டது.

தமிழில் சிப்பாயை உள்ளிருந்து பார்த்த பெரிய எழுத்து ப.சிங்காரத்தினுடையது. ‘புயலிலே ஒரு தோணி’யை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு இந்த விஷயத்தில் முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய ‘கடலுக்கு அப்பால்’. செட்டியார் கடையில் வேலைபார்த்த செல்லையா இந்திய தேசிய ராணுவத்துக்குப் போய்த் திரும்பி வருகிறான். யுத்தம் முடிந்துவிட்டது, கடை திறந்துவிட்டது. ஆனால் முதலாளிக்கு அவன் முகத்தில் என்னமோ தெரிகிறது. துப்பாக்கி தூக்கினவன் இனி கணக்குப்பிள்ளை ஆகமாட்டான், பெண்ணைக் கொடுக்க முடியாது என்கிறார். யுத்தம் ஒரு பையனை என்ன செய்யும் என்று தமிழில் நேராகக் கேட்ட இடம் அது. கேட்கிறவர் லேவாதேவிக்காரர் என்பதும் கவனிக்க வேண்டியது, முதல் கெட்டுப்போய்விட்டதா என்று பார்க்கிற கண் அது. ஆனால் சிங்காரத்தின் நாயகர்கள் செட்டியார் கடைப் பையன்கள். மலேயாவில் அந்தப் படையில் கூட்டம்கூட்டமாகச் சேர்ந்தவர்கள் ரப்பர் தோட்டத் தமிழர்கள். கங்காணியிடம் அடிவாங்கியவன் முதல்முறை பூட்ஸ் போட்டு நடந்தபோது அவனுக்குள் என்ன நடந்தது என்பதைச் சிங்காரத்தின் கண் தொடவில்லை.

தொட்டவர்கள் ஈழத்துக்காரர்கள். அவர்கள் எழுதியது அரசாங்கப் பட்டாளத்தைப் பற்றி அல்ல, இயக்கங்களைப் பற்றி. ஆனால் ஒரு சாதாரணப் பையன் சிப்பாயாக ஆக்கப்படும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ 1985லேயே வந்துவிட்டது. புளொட் இயக்கத்திலிருந்து வெளியே வந்தவர்கள், நம் தஞ்சாவூர்ப் பக்கத்து முகாம்களில் தங்கள் தோழர்களே தங்கள் தோழர்களைச் சித்திரவதை செய்ததைச் சொன்ன நாவல். விடுதலைக்கென்று வந்த பையன் ஆறே மாதத்தில் கட்டிப்போட்டவனை அடிக்கப் பழகுகிறான். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ 2001இல் வந்தது. சண்டியன் அப்பனின் மகனாகப் பிறந்து, அந்த அவமானத்திலிருந்து தப்பிக்க இயக்கத்துக்குப் போகிறவன் கதை. அடிக்கிற அப்பனை விட்டு ஓடிப்போய், அடிக்கிற அமைப்புக்குள் மாட்டுகிறான். குணா கவியழகனின் ‘நஞ்சுண்டகாடு’ 2014இல் வந்தது, பயிற்சி முகாமுக்குள்ளேயே நடக்கிறது. பேர் மாறுகிறது, பசி வருகிறது, தூக்கம் போகிறது, உடம்பு உடைந்து மறுபடி ஒட்டுகிறது. அங்கே கிடக்கும் பையன்களின் வீடுகளை எட்டிப் பார்த்தால் எல்லாம் ஏழை வீடுகள். இந்த மூன்று பிரதிகளையும் இங்கே ‘ஈழ இலக்கியம்’ என்று தனி அலமாரியில் வைத்து, ஆதரவா எதிர்ப்பா என்று மட்டும் பார்த்து வாசித்தோம். அது நம் வாசிப்பின் சோம்பேறித்தனம். நம் ஊர்ப் பையன் வெலிங்டனுக்குப் போனால் என்ன ஆகிறான் என்பதை அறியவும் அவைதான் தமிழில் இருக்கிற பாடப்புத்தகங்கள்.

நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இருக்கிறது. அந்த ரெஜிமென்ட்டின் போர்முழக்கம், ‘வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு.’ எத்தனையோ நூற்றாண்டு இலக்கியம் உள்ள மொழியிலிருந்து பட்டாளம் பொறுக்கி எடுத்துக்கொண்ட வினைச்சொற்கள் இவை இரண்டுதான். அதே ரெஜிமென்ட்டின் கொள்கை வாசகம் சமஸ்கிருதம், கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எடுத்தது. தன் தர்மத்தைச் செய்து சாவதே மேல் என்று பொருள். கீதையில் அந்த வாக்கியம் அதோடு முடியவில்லை. அடுத்தவன் தர்மம் பயங்கரமானது என்று தொடர்கிறது. வர்ணத்தை விட்டு வெளியே கால் வைக்காதே என்று இதற்கு அர்த்தம். கொலைக்கும் நான்கு வர்ணத்துக்கும் சேர்த்து நியாயம் சொல்கிற நூல் கீதை என்று அம்பேத்கர் கிழித்துப் போட்டிருக்கிறார். தன் தர்மத்திலிருந்து தப்பிக்கப் பட்டாளத்துக்கு ஓடிப்போன பறையன், தன் தர்மத்தில் சாவதே மேல் என்கிற வாசகத்தின் கீழ் போய் நிற்கிறான். அடிக்கச் சொல்லும் கட்டளை தமிழில், அதற்கான நியாயம் சமஸ்கிருதத்தில்.

இந்தப் பட்டாளம்தான் 1987 ஜூலை கடைசியில் ‘அமைதிப்படை’ என்ற பேரில் யாழ்ப்பாணம் போனது. அக்டோபரில் சண்டை தொடங்கியது. அந்த மாதம் 21ஆம் தேதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறை. பெண்களுக்கு நடந்ததையெல்லாம் ராஜனி திராணகமவும் அவருடைய தோழர்களும் ‘முறிந்த பனை’யில் பதிவு செய்தார்கள். புத்தகம் வெளிவரும் முன்னே, 1989 செப்டம்பர் 21இல் ராஜனியைச் சுட்டுக் கொன்றார்கள். இந்தியப் பக்கம் செத்த சிப்பாய்கள் ஏறத்தாழ 1,200 பேர். கோரேகாவ் தூணைத் தன் முதல் சின்னமாக வைத்திருந்த மகர் ரெஜிமென்ட்டின் 8ஆவது பட்டாலியனும் அங்கே நின்றது. அதன் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25இல் அங்கே செத்தார், பரம்வீர் சக்ரா கிடைத்தது. பேஷ்வா படையை எதிர்த்து நின்றதன் ஞாபகமான அந்தத் தூணிலிருந்து யாழ்ப்பாணத்து ஒழுங்கைவரைக்கும் வந்த வழியை நம் வரலாற்று எழுத்து இன்னும் நடந்து பார்க்கவில்லை.

அங்கே போனவர்களில் தமிழ் பேசுகிற சிப்பாய்கள் உண்டு. எங்கள் பக்கத்து ஊரில் ஒருவர், நாயக்காக ஓய்வு பெற்றவர், எனக்குச் சித்தப்பா முறை. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“பஞ்சாபுல நின்னேன் மக்கா. அவன் கத்துவான், அழுவான். நமக்கு என்ன மனசிலாவும்? கத்துகான், அவ்வளவுதான். அங்க போனா ஒரு அம்ம ‘அய்யோ என்ர பிள்ளை’ன்னு கத்துகா. சவம், நம்ம அம்ம கத்துகது மாரியே இருக்கு. பாஷ தெரியாத எடத்துல பட்டாளத்தானா இருக்கது லேசு, கேட்டியா. என்னைய முன்னால நிறுத்துவானுவ. தமிழ்ல கேளுன்னு சாப் சொல்லுவாரு. நான் கேப்பேன். பதில் வரலன்னா அடிக்கது வேற ஆளு. ஆனா கேட்டது நாந்தானே.”

லீவில் வந்தபோது தூங்கினீர்களா என்று கேட்டேன். “ஒறங்குவேன். தொட்டு மட்டும் எழுப்பக்கூடாது. ஒனக்க சித்தி கதவுப்பக்கம் நின்னு கம்பால கட்டில தட்டுவா” என்றார். சித்தி உள்ளேயிருந்து, “ரெண்டு வருசம் கம்புதான்” என்றாள். அவள் சொன்னது அவ்வளவே. அவளிடம் கேட்டிருந்தால் வேறு ஒரு புத்தகம் வரும்.

கடைசிப் படை 1990 மார்ச் 24இல் கப்பலேறியது. சென்னையில் நடந்த வரவேற்புக்கு முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அரசியலாக அதைச் சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் ஜெனரலுக்கு அதனால் நஷ்டமில்லை. ஹர்கிரத் சிங்கும் தீபீந்தர் சிங்கும் தங்கள் தரப்பை ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதிவிட்டார்கள், பழியை டெல்லிமேல் போட்டாகிவிட்டது. சிப்பாய்க்கு இரண்டு பக்கமும் வாய் அடைத்துப்போனது. ஈழ ஆதரவாளனான என்னிடம் பேச அவனுக்கு வெட்கம். பட்டாளத்தை வணங்குகிறவனிடம் பேசினால் தேசத்துரோகம். செய்ததையும் சொல்ல முடியாது, பட்டதையும் சொல்ல முடியாது. ஆகவே ரம் குடித்தான், பிள்ளையை அடித்தான், வாட்ச்மேன் வேலைக்குப் போனான். ஏ.டி.எம். வாசலில் பழைய பச்சை ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பவரிடம் நாம் கேட்டது, ‘மெஷின்ல பணம் இருக்கா?’ என்பது மட்டும்தான்.

சிலுவையின் அப்பாவுக்கு இப்போது திரும்பலாம். அந்த அடியைத் தனிமனித முரட்டுத்தனம் என்றோ, தகப்பன் கண்டிப்பு என்றோ வாசிப்பது போதாது. மகன் தன்னைப்போல் மண்வெட்டி பிடிக்கக் கூடாது என்ற வெறியும் அதில் இருக்கிறது. மனிதனை உருவாக்க அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட ஒரே முறையும் அதில் இருக்கிறது. தன்னை நிமிர்த்தியது அடி, ஆகவே மகனையும் அடித்து நிமிர்த்தலாம் என்கிற தர்க்கம். சேரிக்குள் காரைவீட்டோடு சேர்ந்து வந்து இறங்கிய இன்னொரு சாமான் அது. அதைச் சுமந்தது பெண்களும் பிள்ளைகளும். ‘கருக்கு’வில் அம்மாவின் உழைப்பு அத்தனை துல்லியமாக இருக்கிறது, அப்பா மங்கலாக இருக்கிறார் என்றால், அந்த மங்கலே ஒரு தகவல்தான்.

2024 அக்டோபர் கடைசியில் ‘அமரன்’ வந்தது. மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. நாகர்கோவில் தியேட்டர்களில் குடும்பம் குடும்பமாகப் போய் அழுதுவிட்டு வந்தார்கள். அதையொட்டி வந்த பெரிய சர்ச்சை என்னவென்றால், அவருடைய சாதியை ஏன் படத்தில் காட்டவில்லை என்பது! அவரோடு நின்ற ஜவான்கள் எந்தெந்த ஊர், எந்தெந்தத் தெரு என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்குள் மனைவி, குழந்தை, காதல், பாட்டு எல்லாம் அதிகாரிக்கு உண்டு. ஜவானுக்கு ‘எஸ் சார்’ உண்டு.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2022 ஜூன் 14இல் அக்னிபத் திட்டத்தை அறிவித்தார்கள். பதினேழரை வயசிலிருந்து எடுப்பது, நாலு வருஷம் வைத்திருப்பது, நூற்றுக்கு 25 பேர்வரை நிறுத்திக்கொள்வது, மீதிப்பேரை 11.71 லட்சம் ரூபாய் அளவில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிடுவது. பென்ஷன் கிடையாது. அந்த அறிவிப்பை எதிர்த்து வடக்கே ரயிலை எரித்தார்கள். பேசப்பட்டதெல்லாம் வேலை, பென்ஷன். அதுவும் பேச வேண்டியதுதான். பாமாவையும் ராஜ் கௌதமனையும் படிக்கவைத்தது நீண்டகாலப் பட்டாளச் சம்பளம் என்றால், நாலு வருஷச் சம்பளத்தில் எத்தனை ‘கருக்கு’ வரும்? ஆனால் யாரும் கேட்காத ஒன்று, பதினெட்டு வயசுப் பையனை ‘அடி கொல்லு’ என்று பழக்கி, இருபத்திரண்டு வயசில் திருப்பி அனுப்பினால், சாதி அப்படியே இருக்கிற தெருவுக்கு அவன் எதைக் கொண்டு வருவான் என்பது. நிமிர்ந்த முதுகையா, அடிக்கப் பழகிய கையையா? இரண்டையும்தான் என்றால், அந்தக் கை முதலில் யார்மேல் விழும்? காலையில் கிரவுண்டில் ஓடுகிற பையன்களைப் பார்க்கிறேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் வீட்டில் கேட்பார்கள், நீ வேலை தருவியா என்று. அவன் கையில் கொடுக்க ஒரு புத்தகமாவது தமிழில் இருந்திருக்க வேண்டும், அவன் தெருவிலிருந்து போன ஒருத்தன் எழுதியதாக.

அந்தப் புத்தகம் இன்னும் மனிதர்களாக நடமாடிக்கொண்டு இருக்கிறது. தலித் இயக்கங்கள் சாட்சியம் சேகரிப்பதில் தேர்ந்தவை. வன்கொடுமை நடந்த இடத்துக்கு மறுநாளே டேப் ரெக்கார்டரோடு போய் நின்றவர்கள் நாம். ஆனால் அப்போதெல்லாம் நம் ஆள் அடிவாங்கியவனாக இருந்தான். அடித்த இடத்திலும் நம் ஆள் நிற்கிறான் என்னும்போது நம் ரெக்கார்டர் அணைந்துவிடுகிறது. அவனிடம் போய், தீர்ப்பு சொல்லாமல், ஆனால் எதையும் விட்டுக்கொடுக்காமல் கேட்கத் தெரிய வேண்டும். அவன் மனைவியிடம் தனியாகக் கேட்க வேண்டும், அதற்குப் பெண்கள்தான் போக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறவர்களிடம் அதைக் காட்டி, அவர்கள் சொல்கிற பதிலையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

எங்கள் பஞ்சாயத்தில் மட்டும் அமைதிப்படையில் போய்வந்தவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். இப்போது மூன்று பேர். சித்தப்பாவுக்குக் காது மந்தமாகி வருகிறது, பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் சத்தமாகக் கேட்க வேண்டும்.